நிறுவலுக்குக் காத்திருந்த எண்

1644 ஆம் ஆண்டிலே பிரான்சியத் துறவியான மரின் மெர்சென் ஒரு பட்டியலை வெளியிட்டார். 2 இன் ஒரு வலுவிலிருந்து 1 ஐக் கழிக்கும்போது, 257 வரையுள்ள எவ்வலுக்கள் முதன்மை எண்களைத் தரும் என்பதே அதன் பொருள். 67 உம் 127 உம் அதில் இடம்பெற்றன. நிறுவலோ தரப்படவில்லை.

127 ஆம் வலு தரும் எண் 39 இலக்கங்களையுடையது. சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க மனித ஆயுள் போதாது. 1876 இல் எட்வார்ட் லூக்கா வேறு வழி கண்டார். ஓர் எண்ணை வர்க்கித்து, 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, வரும் மீதியையே மீண்டும் வர்க்கித்துச் சென்றார். குறித்த படியிலே மீதி பூச்சியமாயின், அது முதன்மை எண். இவ்வாறு பொறியின் துணையின்றி 127 ஐ மெய்ப்பித்தார்; 67 பிழையென்றும் காட்டினார். பிந்திய எண்ணின் காரணிகளை 1903 இலேயே பிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார்: 193707721, 761838257287.

லூக்காவின் எண் 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியதாய் நிலைத்தது. 1952 இல் லொஸ் ஏஞ்சல்சிலே மின்கணிப்பொறியொன்று 521 ஆம் வலுவைச் சோதித்து வெற்றி கண்டது. பொறி புதியது, அது பின்பற்றிய முறையோ, லேமர் செம்மைப்படுத்திய லூக்காவின் முறையே.