இடிபாடுகள் இல்லாத தெரு

மாதிரி ரயில் என்றதும் நம் நினைவுக்கு வருவன எஞ்சினும் தண்டவாளமும்தான். ஆனால் ஜெர்மனியில் இப்பொழுதுபோக்கு வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், ரயிலைவிட நிலையத்துக்கு வெளியே அமைக்கப்பட்ட தெருவே நம்மிடம் அதிகம் பேசுகிறது. எஞ்சினைத் தொழிற்சாலை செய்து தருகிறது. தெருவை ஒருவர் தம் விருப்பப்படி அமைக்கிறார். எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

தொடக்ககாலப் பொம்மை ரயில்கள் பெரும்பாலும் வீட்டுத் தரையில் ஓடின. நாற்காலிக் கால்களே அவற்றுக்குக் குன்றுகள். 1935இல் மெர்க்லின் நிறுவனம் 16.5 மி.மீ. அகலப் பாதையில் ஓடும் சிறிய ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரயில் மேசைக்கு ஏறியது. மேசை கிடைத்ததும் அதன்மேல் நிலப்பரப்பு ஒன்றை உருவாக்கும் ஆசையும் வளர்ந்தது. இன்று பரவலாக உள்ள அளவீடு 1:87. அதில் மனிதன் இரண்டு சென்டிமீட்டர் உயரம். நான்கு மாடி வீடு ஏறக்குறைய பதினெட்டு சென்டிமீட்டர்.

இந்த அளவிலும் நகரத்துக்கு இடம் போதாது. 400 மீட்டர் நீளத் தெருவை உள்ளபடி செய்தால் நாலரை மீட்டருக்கு மேல் மேசை வேண்டும். ஆகவே கைதேர்ந்தவர்கள் சில தந்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். தெருவை ஓரிடத்தில் வளைத்துவிட்டால் அதன் முடிவு கண்ணுக்குத் தெரியாது. அப்பால் ஊர் நீள்வதாக மனம் நம்பிக்கொள்ளும். பின்சுவரை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும் போதும். தொலைவில் இருப்பவற்றை 1:160 அளவில் செய்தால் ஆழம் கூடும். இத்தனைக்கும் பிறகு இறுதியில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு: அழுக்கேற்றுவது. நீர்த்த கருப்பு, பழுப்பு வண்ணங்களைச் சுவரில் ஓடவிட்டு, மழைநீர்க் குழாயடியில் துருவையும் கூரையில் புகைக்கரியையும் படியவைப்பார்கள். அழுக்கில்லாத வீடு பொம்மையாகவே நின்றுவிடும்; காலம் பட்ட வீடுதான் வீடாகும்.

காலத்தின் கறையை இவ்வளவு பொறுமையாகத் தீட்டிய இக்கலை, தன் காலத்தின் மிகப்பெரிய கறையை என்ன செய்தது?

1946இல் கருங்காட்டுப் பகுதியின் கூட்டன்பாஹ் என்ற சிற்றூரில் ஹெர்மன், எட்வின் ஃபாலர் சகோதரர்கள் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மாதிரி வீடுகளுக்கு அவர்கள் பெயரே அடையாளமாயிற்று. 1949இல் ரோட்டன்பர்க் நகருக்கு அருகே ப்ரைசர் நிறுவனம் பிறந்தது. இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள் அங்கிருந்து உலகெங்கும் போனார்கள். ஆண்டுகளைக் கவனியுங்கள். 1943 கோடையில் ஹாம்பர்க் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரோட்டன்பர்க்கிலேயே 1945 மார்ச் 31 அன்று பழைய நகரின் ஏறத்தாழ 40 சதவீதம் அழிந்தது. மக்கள் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்த நாட்டில், மேசைகளின்மேல் உடையாத ஊர்கள் எழுந்தன. மரச்சட்டங்கள் தெரியும் சுவர்கள், சன்னலில் பூத்தொட்டி, தேவாலயக் கோபுரம், ரொட்டிக்கடை. மலைமேல் நடுக்காலக் கோட்டையின் இடிபாடு நிற்கலாம்; குண்டு விழுந்த வீட்டுக்கு அங்கே வழக்கமாக இடமில்லை.

இலக்கியத்திலும் இதற்கு இணையான ஒரு மௌனம் இருந்தது. ஹைன்ரிஷ் ப்யோல் 1949க்கும் 1951க்கும் இடையே எழுதிய 'தேவதை மௌனமாக இருந்தது' நாவல் இடிந்த நகரம் ஒன்றில் நிகழ்வது. அப்போது அது வெளியிடப்படவில்லை. அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1992இல்தான் அச்சேறியது. 1997இல் ஜூரிச் நகரில் ஆற்றிய உரைகளில் டபிள்யூ. ஜி. செபால்ட் இதைத்தான் கேட்டார்: இத்தனை நகரங்கள் எரிந்தும் ஜெர்மானிய எழுத்தில் அந்த அனுபவம் ஏன் இவ்வளவு அரிதாகப் பதிவாகியிருக்கிறது? நாவலாசிரியர்களிடம் அவர் கேட்ட கேள்வியை மேசைத் தெருக்களிடமும் கேட்கலாம்.

ஆனால் உடனே தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. சன்னலுக்கு வெளியே இடிபாட்டைப் பார்த்து வளரும் குழந்தைக்கு ஒரு தந்தை கூரையுள்ள வீட்டை ஒட்டித் தருவதை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஒரு வேண்டுதலாகவும் இருக்கலாம். ரோட்டன்பர்க்கையே மக்கள் பழைய வடிவத்தைப் பின்பற்றித் திரும்பக் கட்டினார்கள். மேசையில் நடந்ததும் வீதியில் நடந்ததும் ஒரே மனத்தின் செயல்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இடிபாட்டை மறைக்கும்போது அதன் காரணமும் சேர்ந்து மறைகிறது. மாதிரி ரயில்காரர்கள் ரயில்வே வரலாற்றைக் காலகட்டங்களாகப் பகுத்துக்கொள்கிறார்கள். நாஜிகளின் ஆண்டுகள் இரண்டாம் காலகட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நீராவியும் டீசலும் மின்சாரமும் ஒன்றாக ஓடிய மூன்றாவது, அதாவது போருக்குப் பிந்தைய காலகட்டம், பலருக்கும் பிரியமானது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மானியச் சட்டம் கட்டுப்படுத்துவதால், அக்கால எஞ்சின் மாதிரிகளில் கழுகு இருக்கும். அதன் காலடியில் இருந்த ஸ்வஸ்திகா வழக்கமாக இருக்காது. சட்டம் சரியானதே. ஆனால் அதன் விளைவாக, மேசைமேல் ஓடும் ரயில் எவர் ஆட்சியிலும் ஓடாத ரயிலாகிவிடுகிறது. உண்மையான ரயில் அப்படி ஓடவில்லை. ஹாம்பர்க்கின் ஹனோவர் நிலையத்திலிருந்து 1940 முதல் 1945 வரை 8,000க்கும் மேற்பட்ட யூதர்களும் சிந்தி, ரோமா மக்களும் ரயில்களில் நாடு கடத்தப்பட்டார்கள்.

அதே ஹாம்பர்க்கின் பழைய கிடங்குப் பகுதியில் 2001இல் ஃப்ரெடரிக், கெரிட் ப்ரவுன் என்ற இரட்டையர் மினியேச்சர் வுண்டர்லாண்டைத் திறந்தனர். 15 கிலோமீட்டருக்கும் மேலான பாதை கொண்ட அந்த மாபெரும் மாதிரி உலகத்தில், 2009இல் 'பிளவுண்ட நகரம்' என்ற காட்சித் தொடர் சேர்க்கப்பட்டது. போர் முடிவிலிருந்து சுவர் விழும்வரை பெர்லின் அடைந்த மாற்றங்களை அது சிற்றுருக்களாக அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. புகைக்கரி பூசப் பழகிய அதே கைத்திறன் இம்முறை வரலாற்றின் காயத்தைத் தீட்டியது. இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களாலும் அந்தச் சுமையைத் தாங்க முடியும் என்பது அப்போது தெரியவந்தது.

ஹனோவர் நிலையம் இருந்த இடம் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் உள்ளது. 2017இல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. கடத்தப்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சிறு ரயில்களைக் கண்டு மகிழ்ந்து வெளிவரும் ஒருவர், அப்படியே அந்த நினைவிடத்துக்கும் நடந்து போகலாம். ஒரு தெரு முழுமையாவதற்கு இரண்டையும் பார்க்கவேண்டியிருக்கிறது.