மருத்துவ மிஷன்கள்

நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதையும் கிறிஸ்துவின் சுவிசேஷத்தை அறிவிப்பதையும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ், பல சமயங்களில் ஒரே மனிதரின் கைகளிலேயே, இணைத்து நடத்திய கிறிஸ்தவத் தொண்டு முறை மருத்துவ மிஷன் எனப்படும். வைத்தியம் பிரசங்கத்துக்கு வழி திறக்கும் கருவியா, அல்லது பிரசங்கம் நடந்தாலும் நடவாவிட்டாலும் தன்னளவிலேயே நிறைவுடைய தர்மமா என்னும் வினா அதனுடன் கூடவே பிறந்தது. மிஷன் சங்கங்களின் நிர்வாக சபைகளும், களத்தில் நின்ற வைத்தியர்களும், அவர்களிடம் மருந்து வாங்கிச் சென்ற ஜனங்களும் அதற்கு வெவ்வேறு விடை கண்டார்கள்.

சீகன்பால்கும் புளூச்சோவும் 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய புராட்டஸ்டண்டு மிஷனுக்கு 1730-இல் ஷ்லேகல்மில்க் என்னும் வைத்தியர் ஜெர்மனியிலிருந்து அனுப்பப்பட்டார். வந்த சிறிது காலத்திலேயே காலமானார். நிலைத்த தொண்டு அடுத்த நூற்றாண்டில்தான் வேரூன்றியது. நியூயார்க்கில் நடத்திவந்த வைத்தியத் தொழிலைத் துறந்து 1819-இல் கப்பலேறிய ஜான் ஸ்கட்டர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியமர்ந்து, பின்னர் 1836-இல் சென்னைக்கு வந்தார். அவரே அமெரிக்காவின் முதல் மருத்துவ மிஷனரியாகக் கருதப்படுகிறார். அவருடைய புதல்வர்களும் பேரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தென்னிந்தியாவில் அதே பணியை மேற்கொண்டார்கள். தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-இல் ராம்சே என்னும் வைத்தியரைக் கொண்டு ஆரம்பித்த பணியும் இக்காலத்ததே.

வைத்தியத்துக்கும் பிரசங்கத்துக்கும் இடையிலான முரண்பாடு முதலில் வெளிப்படையாக வெடித்த இடம் சீன தேசத்துக் கான்டன் நகரம். அங்கே 1835-இல் பீட்டர் பார்க்கர் திறந்த கண் வைத்தியசாலைக்கு ஏழைகளும் அதிகாரிகளும் திரண்டு வந்தனர். அவர் அங்கிருந்த காலத்தில் சிகிச்சை பெற்றவர் தொகை 50,000-ஐத் தாண்டியது. ஆனால், அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கத்தின் காரியதரிசியான ரூபஸ் ஆண்டர்சன், வைத்தியம் பிரசங்கத்துக்கு அடங்கியே நிற்க வேண்டும் என்ற கொள்கையில் உறுதியானவர். விடியற்காலை முதல் கத்தியும் கட்டுத்துணியுமாய் நிற்பவருக்குப் பிரசங்கிக்க நேரம் ஏது? பார்க்கர் அமெரிக்கத் தூதரகப் பணியிலும் ஈடுபட்டபின், 1847-இல் சங்கம் அவருடனான தொடர்பை அறுத்துக்கொண்டது.

அதே சங்கத்தின் ஊழியராக அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இந்த முரண்பாட்டுக்கு வேறொரு தீர்வைத் தம் வாழ்க்கையால் அளித்தார். மருந்து வாங்க வருகிறவர்கள் முதலில் திண்ணையில் அமர்ந்து உபதேசியாரின் வேதவாசிப்பைக் கேட்பதும், வேதாகமப் பெண்கள் படுக்கையண்டை வந்து பேசுவதும் அக்காலத்து மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பொதுவான வழக்கம். கிறீனின் தனிச்சிறப்போ, மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தையே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று துணிந்ததில் இருக்கிறது. முதலில் ஆங்கிலத்தில் போதித்துவந்த அவர், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். தம் மாணாக்கர்களின் துணையோடு ‘அங்காதிபாதம்’, ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய பாடநூல்களை வெளியிட்டார். கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. கிறீனிடம் பயின்று வைத்தியரானவர் 60-க்கு மேற்பட்டோர். கிறிஸ்தவராகிறவர் ஐரோப்பிய நடையுடை பாவனைகளுக்கு மாறத் தேவையில்லை என்று உறுதியாக எண்ணிய அம்மனிதர், பரிசுத்த வேதத்தைப் பரப்ப வந்தவராயினும், சைவரும் கிறிஸ்தவரும் ஒருங்கே பயன்கொள்ளக்கூடிய ஒரு சாஸ்திர பண்டாரத்தைத் தமிழுக்கு விட்டுச் சென்றார் என்பதை நன்றியோடு நினைவுகூர்வது தமிழர் கடமை.

வைத்தியத்தைவிடக் கடினமான பரீட்சையைப் பஞ்சம் வைத்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, ஓங்கோலில் பாப்டிஸ்டு மிஷனரியாயிருந்த ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயில் சுமார் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தைச் சர்க்காரிடமிருந்து தாமே எடுத்து, பட்டினியால் மெலிந்து வந்தவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். மிஷன் உபதேசியார்களே மேஸ்திரிகளாய் நின்றார்கள். வேலை ஓய்ந்த வேளைகளில் பிரசங்கமும் நடந்தது. ஞானஸ்நானம் கேட்டவர்களையோ, நிவாரணம் முடியும்வரை ஓராண்டுக்கு மேலாக அவர் தடுத்து நிறுத்தினார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பழிச்சொல்லுக்கு இடமிருக்கக் கூடாது என்பதே அவர் கருத்து. பின்னர், 1878 ஜூலை 3-ஆம் தேதி, குண்டலகம்மா நதியில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்ட மாதிகர்கள். கிளவின் நேர்மையைச் சந்தேகிக்க நியாயமில்லை. எனினும் உயிர் காத்த கையின் நினைவை அந்த இடைவெளி அழித்துவிடும் என்று எதிர்பார்ப்பதும், அவமதிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்களை மனிதராக மதித்த சபையை நாடியதைப் பசியின் விளைவு என்று மட்டும் கூறுவதும் சமமான தவறுகளாகும். அப்பஞ்ச காலத்திலேயே, மிஷன்களின் பிரசாரத்தை எதிர்த்துத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார்.

ஆண் வைத்தியர் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்கு, 1870-இல் பரேலிக்கு வந்த கிளாரா ஸ்வெயின் போன்ற பெண் வைத்தியர்கள் வழி திறந்தனர். ஜான் ஸ்கட்டரின் பேத்தியான ஐடா ஸ்கட்டர் 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். பெண் வைத்தியர் இல்லாமையால் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் ஒரே இரவில் மாண்டதை இளமையில் கண்டதே அவரை வைத்தியத்துக்குத் திருப்பியது. 1902-இல் ஆஸ்பத்திரியும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் அவர் முயற்சியால் எழுந்தன. பிற்காலத்தில் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக அது வளர்ந்தது. 1946-இல் அங்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்ததோடு நில்லாமல், குணமடைந்தோர் கைத்தொழில் கற்றுப் பிழைக்கவும் ஏற்பாடு செய்தார். இத்தகைய நிலையங்களில் ஜெபமும் வேதவாசிப்பும் தொடர்ந்தன என்றாலும், வைத்தியத்தின் தரமே முதற்கடமை என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் விமர்சனம் உள்ளும் புறமும் எழுந்தது. கல்வியையும் வைத்தியத்தையும் மதமாற்றத்துக்குக் கருவியாக்குவதை மகாத்மா காந்தி 1931-இல் ‘யங் இந்தியா’வில் கண்டித்தார். மறு ஆண்டே, தத்துவப் பேராசிரியர் ஹாக்கிங்கின் தலைமையில் அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட விசாரணை அறிக்கை, இத்தகைய தொண்டுகளை நேரடிப் பிரசாரப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. ஆத்ம ரட்சிப்பைக் கைவிடுவதாக அதை எண்ணிய மிஷனரிகள் பலர் வன்மையாக எதிர்த்தனர். மத்தியப் பிரதேச அரசு நியமித்த நியோகி கமிட்டி 1956-இல், மதமாற்றத்துக்கு வைத்தியத்தைப் பயன்படுத்துவது சட்டத்தால் தடுக்கப்பட வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

சுவிசேஷகர்களின் தரப்பிலும் சிந்தனை நகர்ந்தது. 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய மாநாட்டில், வறுமையையும் அநீதியையும் அருகிருந்து கண்ட லத்தீன் அமெரிக்கர்களான ரெனே பதில்லாவும் சாமுவேல் எஸ்கோபாரும் சமூகப் பொறுப்பை வற்புறுத்திப் பேசினார்கள். அங்கு உருவான உடன்படிக்கை, சுவிசேஷமும் சமூகப் பொறுப்பும் ஒன்றல்லவாயினும் இரண்டுமே கிறிஸ்தவனின் கடமைகள் என்று அறிவித்தது. இதன் விளக்கத்துக்காக 1982-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் கூடியவர்கள், தொண்டு என்பது சுவிசேஷத்தின் விளைவாகவும், அதற்குப் பாலமாகவும், அதன் கூட்டாளியாகவும் இருக்கலாம் என்று வகுத்தனர். இம்மூன்றில் பாலம் என்பதையே காந்தியடிகளின் வழிநின்றவர்கள் ஏற்பதில்லை.