தெற்கே மணல், வடக்கே கல்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஒதுங்க ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோட்டுக் கரையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இடம் பெற்றது. பிறகு இருநூறு வருஷங்களுக்கு மேல் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாப் படகில். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும். ஆணியடித்த படகு பிளந்துபோகும். இந்நகரத்தின் சரித்திரத்தைக் கோட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இந்தத் தையலிலிருந்து தொடங்குவேன்.

மற்ற அடையாளங்கள் பின்னால் வந்தவை. கலங்கரை விளக்கம் நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது: 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் உச்சியில், 1844இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்துத் தூணில், 1894இல் நீதிமன்றக் கோபுரத்திலேயே, 1977இல் மெரினாவில். (நீதியின் தலையில் விளக்கேற்றியதில் இருக்கும் நகைச்சுவை தற்செயலானதுதான்.) தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பிய ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. அது கடலுக்கு அருகில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. வணிகம் அங்கேதான் கரையேறிற்று.

ஆனால் நகரத்தின் உருவத்தையே மாற்றியது விளக்குமல்ல, ரயிலுமல்ல, ஒரு சுவர். 1861இல் கடலுக்குள் சுமார் 1100 அடிக்கு நீட்டிய இரும்புக்கால் பாலம் 1868, 1872 புயல்களில் சிதைந்தது. 1876இல் இரண்டு அலைதடுப்புக் கரங்களைக் கட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், புயல் அவற்றை உடைத்தது. திரும்பக் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் வாயில் திறந்தார். அவரை நாம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக: 1912இல் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனை ஆதரித்தவர்.

ஸ்பிரிங்கின் தலைவலி கணிதமல்ல, மணல். இந்தக் கரையில் மணல் நடக்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி தென்மேற்கு அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் கொஞ்சம் திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் பயணம் வடக்கு நோக்கித்தான். குறுக்கே கல்லைப் போட்டால் மணல் தெற்கில் தங்கிவிடும். வடக்கே அலை மட்டும் போகும், தன் பங்குக்குக் கரையைத் தின்னும். ஒருகாலத்தில் கோட்டையின் கடல்வாசலருகே வந்து போன அலை இன்று எங்கோ இருக்கிறது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயரிட்டபோது மணல் சேரத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன.

நம் நவீன கவிதையில் கடற்கரை என்றால் அநேகமாக மெரினாதான். அந்தி, தனிமை, சுண்டல் பையன், பிறகு கொஞ்சம் பிரபஞ்சம். அந்த மணல் அனாதியானது என்ற பாவனை இல்லாத கவிதையை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த அகலத்துக்கு வயது சுமார் நூற்றைம்பது. அதில் ஒரு பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. அங்கே குப்பங்களின் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. கட்டுமரத்தை இழுத்துவைக்க மணல் இல்லாமல் கருங்கல்லைக் கொட்டினார்கள். நாம் உட்கார்ந்து அழகியல் பேசிய இடம் இன்னொருவர் வாசல். சிலைகள், சமாதிகள், கூட்டங்கள் எல்லாம் தெற்கில் அமைந்ததும் இந்தக் கணக்கில் சேரும். கரையே இல்லாத இடத்தில் சிலை வைப்பது எப்படி?

இந்த நூற்றாண்டில் ராயபுரக் கரையில் கடலுக்குள் குறுக்குச் சுவர்கள் போட்டார்கள். சில இடுக்குகளில் மணல் திரும்பியிருக்கிறது. 2001இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் திறந்தது. அதற்கும் கடலுக்குள் இரண்டு கரங்கள். அதற்கு வடக்கே பழவேற்காடு.