கவனக்குறையா, கணிப்பில் பிழையா?

கும்பகோணத்தில் காவிரிக் கரையில் அமைந்துள்ள அரசினர் கல்லூரி 1854-இல் தோன்றியது. 1904-ஆம் ஆண்டு அங்கு எப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையுடன் ஒரு மாணவர் சேர்ந்தார். கணிதத்தில் அவரை விஞ்ச ஆளில்லை. ஆனால் மற்றப் பாட வேளைகளில் உடல் மட்டுமே வகுப்பில் இருந்தது. உள்ளம் கணக்கில் கிடந்தது. ஆங்கிலத் தேர்வில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. தேறவில்லை. அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இப்படியொரு மாணவர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருந்தால் அவரை என்னவென்று சொல்வோம்? 'கவனக்குறை மிகையியக்கக் கோளாறு' என்று உடனே பெயர் சூட்டச் சிலர் முன்வரக்கூடும். ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரால் பலரும் இதை அறிவர். ஆனால் வாய்க்கால் வறண்டு கிடப்பது வேறு; ஆற்று நீர் முழுதும் ஒரே வாய்க்காலில் பாய்வது வேறு. இரண்டையும் கரையில் நின்று பார்ப்பவன் மற்ற வயல்கள் காய்வதை மட்டுமே காண்பான்.

பெயர் வந்த வரலாறு

இக்கோளாறு கற்பனையன்று. 1902-இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவுக் குறைவு இல்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1937-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்து சில குழந்தைகளின் நடத்தையையும் படிப்பையும் சீராக்குவதைக் கண்டார். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968-இல் இதை மிகையியக்கத்தின் பெயரால் குறித்தது. 1980-இல் கவனக்குறையை முதன்மையாக்கியது. 1987-இல் இரண்டையும் இணைத்து இன்றைய பெயரை அளித்தது.

பெயர் பலமுறை மாறியதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலுக்கு வெப்பமானி இருப்பதுபோல் கவனத்துக்கு அளவி ஏதும் இல்லை. இரத்தச் சோதனையோ மூளைப் படமோ இதை உறுதிசெய்வதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் கூறுவதைக் கேட்டு, குழந்தையை நேரில் ஆராய்ந்தே மருத்துவர் முடிவு செய்கிறார். 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, அறிகுறிகள் குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். அவற்றுள் பல 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பள்ளி, வீடு எனக் குறைந்தது இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். வகுப்பில் மட்டும் துறுதுறுவென்று இருப்பது போதாது.

சுழிப்பிழை

திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளக்கும் மாணவனிடம் நாங்கள் முதலில் கேட்பது, 'சுழிப்பிழை பார்த்தாயா?' என்பதுதான். அதைப் பார்க்காமல் அளந்தால் கருவி நல்லதாயினும் விடை தவறும். குழந்தைகளை அளப்பதிலும் இப்பிழை நேர்கிறது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் செப்டம்பர் 1-க்குள் 5 வயது நிறைந்தவர்களே பள்ளியில் சேர்க்கப்படுவர். ஆகவே ஆகஸ்டில் பிறந்த குழந்தை வகுப்பில் மிக இளையது. செப்டம்பரில் பிறந்தது ஏறத்தாழ ஓராண்டு மூத்தது. இத்தகைய மாநிலங்களில், ஆகஸ்டுக் குழந்தைகளுள் பத்தாயிரத்துக்குச் சுமார் 85 பேருக்கும், செப்டம்பர்க் குழந்தைகளுள் சுமார் 64 பேருக்கும் இக்கோளாறு இருப்பதாக முத்திரை குத்தப்பட்டிருந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அந்தத் தேதி வரம்பு இல்லாத மாநிலங்களில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. வயதின் இளமையே நோயாகப் படிக்கப்பட்டது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

'மருந்து கொடுத்ததும் கவனம் கூடிற்று. ஆகவே நோய் இருந்தது உண்மைதானே?' எனச் சிலர் வாதிடலாம். இதுவும் தவறு. கோளாறில்லாச் சிறுவர்க்கும் ஊக்க மருந்து கவனத்தைக் கூட்டுகிறது என்பதை ஜூடித் ராப்பபோர்ட் குழுவினர் 1978-இலேயே காட்டினர். அம்மருந்துகள் பசியையும் உறக்கத்தையும் குறைக்கலாம். இதயத் துடிப்பை உயர்த்தலாம். வேண்டாத குழந்தைக்கு அவை வீண் சுமை.

மஞ்சள் இலை

நம் டெல்டா உழவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. நெற்பயிர் மஞ்சளிப்பது தழைச்சத்துக் குறைவாலும் இருக்கலாம்; துத்தநாகக் குறைவாலும் இருக்கலாம்; பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நச்சுயிரி நோயாலும் இருக்கலாம். துங்ரோ கண்ட வயலில் யூரியாவைக் கொட்டினால் நோய் தீராது, பூச்சிதான் கொழுக்கும்.

குழந்தையின் கவனம் சிதறுவதும் அத்தகையதே. கரும்பலகை தெரியாத கண், சீழ் வடியும் காது, உறக்கமின்மை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, வீட்டில் நேர்ந்த துயரம் ஆகிய எதுவும் காரணமாகலாம். சில நொடிகள் வெறித்து நோக்கும் ஒருவகை வலிப்பைக்கூடப் 'பகற்கனவு' என்று நினைத்துவிடுகிறோம். மறுபுறம், உண்மையிலேயே கோளாறுள்ள பிள்ளையை 'சோம்பேறி' எனப் பிரம்பால் அடிப்பதும் தவறான கணிப்பே. அமைதியாக அமர்ந்து கனவு காணும் பெண் குழந்தைகள் இவ்வாறு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றனர்.

இராமானுஜனின் இரண்டாவது பாடம்

1917-இல் இங்கிலாந்தில் இராமானுஜன் நோயுற்றார். வயிற்றுப்புண் என்றனர், காசம் என்றனர். மேட்லாக் முதலிய இடங்களில் காசநோயாளியாகவே வைத்திருந்தனர். 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் 32 வயதில் மறைந்தார். 1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்றார். 1906-இல் இராமானுஜனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்திருந்தது. அக்கிருமி உடலில் பல்லாண்டுகள் தங்கவல்லது. அந்நோய்க்கு எமெட்டின் ஊசி பயன்படுவதை லெனார்டு ராஜர்ஸ் 1912-இலேயே கல்கத்தாவில் காட்டியிருந்தார். யங்கின் கணிப்பு சரியாயின், மருந்து இருந்தும் நோயின் பெயர் தவறியதால் ஒரு மேதையை இழந்தோம்.

ஆகவே, பெற்றோரே, ஆசிரியரே, நோயின் பெயரை நாம் சூட்ட வேண்டாம். கண்ணையும் காதையும் முதலில் சோதிப்போம். உறக்கத்தையும் வயதையும் கேட்டறிவோம். பின்னர்த் தகுந்த மருத்துவரிடம் நாம் கண்டதைக் கண்டபடி கூறுவோம். சுழிப்பிழையைத் திருத்திய பின்னரே அளவையைக் குறிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தவறினால் மீண்டும் அளக்கலாம். குழந்தையின் பள்ளிப் பருவமோ திரும்பி வராது.