பாதி பிளேயர்

இன்னைக்கு நம்ம கதை 1857-ல, அமெரிக்காவின் சிகாகோ நகரத்துல தொடங்குது.

தந்திக் கம்பம் ஏறி வேலை பார்க்கும் ஒருவர், உடைந்துபோன கட்டிங் பிளேயரோடு ஒரு பட்டறைக்கு வருகிறார். பட்டறைக்காரர் மத்தியாஸ் கிளைன், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். பிளேயரில் ஒரு பாதிதான் உடைந்திருந்தது. கிளைன் அந்தப் பாதியை மட்டும் புதிதாக அடித்து, பழைய பாதியோடு சேர்த்து ரிவெட் போட்டுக் கொடுத்தார். பிறகு பழைய பாதியும் உடைந்தது. அதையும் அவரே செய்தார். இப்போ முழு பிளேயரும் அவர் கைவேலை! இன்றும் இயங்கும் கிளைன் டூல்ஸ் கம்பெனி தன் பிறப்பை இப்படித்தான் சொல்கிறது.

பிளேயர்னா என்னன்னு இந்தக் கதையிலேயே இருக்கு. ரெண்டு பாதி, நடுவுல ஒரு ரிவெட். அந்த ரெண்டும் எவ்வளவு சரியாகச் சேருதோ, அதுதான் தரம்.

அன்றைய தந்திக் கம்பி பெரும்பாலும் இரும்பு. வெட்டணும், முறுக்கணும், இழுக்கணும். அதற்கேற்ப பிளேயரும் கனமாக இருந்தது. 1947-ல் பெல் லேப்ஸில் டிரான்சிஸ்டர் பிறந்தது. மெல்ல ரேடியோ, கணிப்பொறி எல்லாம் சர்க்யூட் போர்டுக்கு மாறின. ரெசிஸ்டரின் காலை ஓட்டையில் விட்டு, சால்டர் பண்ணி, மிச்சத்தை ஒட்ட வெட்டணும். கம்பத்து பிளேயர் அந்த இடுக்கில் நுழையவே நுழையாது.

சாதாரண கட்டரின் விளிம்பு இருபக்கமும் சரிவு. அதனால் வெட்டிய முனை கூரை மாதிரி கூராக நிற்கும். ஃப்ளஷ் கட்டருக்கு வெளிப்பக்கம் தட்டை. முனை சமமாக வரும். மெய்ன் மாநிலத்து சுரான் கம்பெனி, கத்தரிக்கோல் போல ரெண்டு விளிம்பும் ஒன்றையொன்று கடந்து வெட்டும் கட்டரைச் செய்தது. வெட்டும்போது பாகத்துக்குள் ஏறும் அதிர்ச்சி இதில் குறைவு.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. மெல்லிய விளிம்பு எஃகைத் தாங்காது. நான் இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கல. என் முதல் ஃப்ளஷ் கட்டரால கிட்டார் ஸ்ட்ரிங்கை வெட்டினேன். டக்குன்னு சத்தம். விளிம்புல பிறை மாதிரி ஒரு பள்ளம். தெறிச்ச துண்டு கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்துல குத்துச்சு. கொஞ்ச நேரம் கை நடுங்கிட்டே இருந்தது.

அதனால வாங்கும்போது நான் பார்க்கிறது இதுதான். மூடிப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, விளிம்புகளுக்கு நடுவே ஒளி கசியக்கூடாது. பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க, ரிவெட் ஆடக்கூடாது. நோஸ் பிளேயர்னா உள்பக்கம் வழவழப்பா இருக்கட்டும், பல் இருந்தா மெல்லிய கால்ல தழும்பு விழும். செம்புக்கு எத்தனை மில்லிமீட்டர், எஃகுக்கு எத்தனைன்னு நல்ல கம்பெனிகள் தனித்தனியா போட்டிருப்பாங்க. எஃகுக்கு எதுவும் போடலைன்னா, அந்தப் பக்கமே போகாதீங்க. பழைய தடித்த கட்டர் ஒண்ணைத் தனியா வெச்சுக்கோங்க. வெட்டும்போது கண்ணாடி போடுங்க, துண்டை விரலால மறைச்சுப் பிடிங்க.

என் கட்டர் இன்னும் மேஜையில் இருக்கு, பள்ளத்தோட. புதுப் பாதி அடிச்சுக் கொடுக்க எனக்கு ஒரு கிளைன் இல்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.