அறையை அழிக்க நினைத்த கணக்கு: வீட்டு ஒலித் திருத்தத்தின் வரலாறு

ஹோம் தியேட்டர் ரிசீவரோடு சின்ன மைக் ஒன்றும் வருகிறது. அதை இருக்கையில் நிறுத்தினால் ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாகக் கூவும். சில நிமிடங்களில் திருத்தம் முடிந்துவிடும். விளம்பரங்கள் இதைத் தொடர் வெற்றியின் கதையாகச் சொல்கின்றன. ஆய்விதழ்களில் தெரிவதோ ஒரு பேராசை மெல்ல மெல்லச் சுருங்கிய கதை.

அறையின் ஒலியை முதலில் எண்ணுக்குள் அடக்கியவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895இல் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற முறையீட்டை ஆராயப் புகுந்தவர், ஆர்கன் குழாயும் இருக்கை மெத்தைகளும் கொண்டு ஒலி அடங்க எடுக்கும் எதிர்முழக்க நேரத்தை அளந்தார். அவர் காலத்தில் திருத்துவதென்றால் அறையைத்தான் திருத்த வேண்டும். மின்சுற்றால் திருத்தும் வழி 1960களில் வலுத்தது. டெக்சாஸின் சி. பி. போனர், அரங்குகளில் ஊளையிடும் அதிர்வெண்களைக் குறுகிய வடிப்பான்களால் வெட்டினார். அடுத்த பத்தாண்டில் கிராஃபிக் ஈக்வலைசர் வீடுகளுக்குள் வந்தது. சும்மா திருகிப் பார்க்கத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது.

கணினி வந்ததும் ஆசை பெரிதாயிற்று. அறை ஒலிக்குச் செய்யும் மாற்றத்தைப் பதிந்து, அதைத் தலைகீழாக்கி, இசையோடு சேர்த்துவிட்டால் அறையே இல்லாமல் போய்விடாதா? 1979இல் ஸ்டீஃபன் நீலியும் ஜான்ட் ஆலனும் கணினியில் உருவாக்கிய அறைகளில் இதைச் சோதித்தார்கள். சுவர்கள் ஒலியை அதிகம் திருப்பி அனுப்பாத சில அறைகளில் கணக்கு பலித்தது. எதிரொலிப்பு கூடியதும் பலிக்கவில்லை. ஒலி வருவதற்கு முன்பே வடிப்பான் செயல்பட வேண்டியிருந்தது. இசையைச் சற்றுத் தாமதித்து ஒலிக்கவிட்டால் அதைச் சமாளிக்கலாம். ஆனால் கணக்கு சற்றே பிசகினாலும் மத்தள அடிக்கு முன்னால் அதன் நிழல் கேட்கும்.

இடமும் ஒரு தடை. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். தலையை ஒரு சாண் நகர்த்தினால் பதிந்த கணக்கு பொருந்தாது. 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர் என்பதால் அங்கே திருத்தம் நிலைக்கும். இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடரின் சூத்திரப்படி, 5×4×3 மீட்டர் அறையில் எதிர்முழக்க நேரம் 0.4 நொடி என்றால், சுவர்களுக்கிடையே எழும் தனித்தனி நிலை அலைகளின் ஆட்சி சுமார் 160 ஹெர்ட்ஸோடு முடிகிறது. திருத்தத்தின் உண்மையான களம் அதற்குக் கீழேதான் என்பது என் கருத்து.

1990களில் ரொனால்ட் ஜெனரோ, பீட்டர் க்ரேவன், மைக்கேல் கெர்ஸன் போன்றோர் வீட்டுக்கேற்ற வடிப்பான்களை முன்வைத்தனர். 2000இல் ஏஞ்சலோ ஃபரீனா விளக்கிய ஏறுமுக ஸைன் அலை முறை அளவீட்டைத் துல்லியமாக்கியது. மைக்கின் முன் கேட்கும் கூவல் அந்த வகைதான். உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து டிராக் (2001), தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆடிஸி (2002) என்ற திருத்த நிறுவனங்கள் பிறந்தன. இரண்டும் பல இடங்களில் அளந்து, பல இருக்கைகளுக்கும் பொருந்தும் திருத்தத்தைத் தேடின. ஒரே இருக்கைக்கான முழுமையைக் கைவிட்டதுதான் இந்த நுட்பத்தைப் பிழைக்க வைத்தது.

அப்போதும் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் எச்சரித்தார்: உயர் அதிர்வெண்களில் காது முதலில் பிடிப்பது நேரடி ஒலியை. அறையில் அளந்த அதிர்வெண் வரைகோட்டை மட்டமாக்கப் போய் நல்ல ஒலிபெருக்கியைக் கெடுத்துவிடலாம். அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் பள்ளத்தை நிரப்புவதும் வீண். 10 டெசிபல் ஏற்ற 10 மடங்கு மின்திறன் வேண்டும், பள்ளமோ அப்படியே இருக்கும். 2002இல் ஒலியியல் ஆய்வாளர் டாட் வெல்டி வேறு வழி காட்டினார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒரு சப்வூஃபர் வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் வேறுபடுவது வெகுவாகக் குறைகிறது. அதன்பின் ஒரே வடிப்பான் எல்லோருக்கும் போதும்.