மயக்கவியலில் தகவல் பரிமாற்றம்

முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் தன் நிலையைச் சொல்ல முடியாது. அறையில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். மயக்கவியலில் தெளிவான பேச்சு உயிர்காக்கும் திறனாக மதிக்கப்படுவது இதனால்தான். அது அறுவைக்கு முன்பே தொடங்குகிறது: கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, மருந்து ஒவ்வாமை உண்டா, ஆடும் பல் இருக்கிறதா, முன்பு மயக்கம் கொடுத்தபோது சிக்கல் வந்ததா என மருத்துவர் கேட்டறிகிறார்.

2005இல் இங்கிலாந்தில் எலேன் புரோமிலி என்பவருக்குச் சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுத்தபோது செயற்கை மூச்சு செலுத்த முடியாமல் போனது. மருத்துவர்கள் தொண்டைவழி குழாய் நுழைக்கவே திரும்பத் திரும்ப முயன்றனர். கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்து சொல்லியும் அது அவர்கள் கவனத்தில் ஏறவில்லை. சில நாட்களில் எலேன் இறந்தார். அனுபவசாலிகள் நிறைந்த அறையில், துணிந்து சொல்வதும் காதுகொடுத்துக் கேட்பதும் நடக்காமல் போனதே பெருங்குறை. விமானியான அவர் கணவர் மார்ட்டின், விமானத்துறையின் பாதுகாப்புப் பழக்கங்கள் மருத்துவத்துக்கும் வர அயராது பாடுபட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல், மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி அறையை விட்டுச் செல்லுமுன் என மூன்று கட்டங்களில் குழுவினர் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்யக் கோருகிறது. நெருக்கடியில் மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டவர் திருப்பிச் சொல்வதும் நல்ல வழக்கம். மீட்பறையில் ஒப்படைக்கும்போது கொடுத்த மருந்துகள், இரத்த இழப்பு, எதிர்பார்க்கும் சிக்கல் ஆகியவை செவிலியரிடம் நேரில் சொல்லப்படுகின்றன.